நாய்க்குத் திரும்பத் திரும்ப வரும் தோல் கட்டி: விட்டுவைப்பதா, வெட்டி எடுப்பதா?

ஷிட்சு, பாக்சர், ஷ்னாசர் மாதிரி நாய் வளர்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஐந்தாறு வயது தாண்டியதும் முதுகைத் தடவும்போது விரலில் ஓர் உருண்டை தட்டுப்படும். லேப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் வராமலில்லை. ஒரு நாள் அது உடைந்து, வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ கெட்டியாக ஏதோ வெளியே வரும், ஆறிவிடும். அப்பாடா என்று இருக்கும்போது அதே இடத்தில் மறுபடி முளைக்கும். இல்லையென்றால் நாலு விரல் தள்ளி இன்னொன்று வரும். வீட்டில் ஒருவர் "ஆபரேஷன் பண்ணிடலாம்" என்பார். இன்னொருவர் "இந்த வயசுல மயக்க மருந்தா, வேண்டவே வேண்டாம்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் சுண்ணாம்போடு வந்து நிற்பார்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டிக்கு அறுவைதான் சரி. வேறு வேறு இடங்களில் புதிது புதிதாக வருகிற நாய்க்கு, அறுவை செய்தால் தீர்ந்துவிடும் என்று நம்பி இறங்கக் கூடாது. விரலிடுக்கில் வருவது இந்தக் கணக்கிலேயே சேராது. அதன் கதை வேறு. இந்த மூன்றில் எதுவானாலும், முடிவெடுப்பதற்கு முன்னால் ஓர் ஊசி குத்திப் பார்த்துவிட வேண்டும்.

ஊசிக்கும் முன்னால் முடியை நன்றாக விலக்கிப் பாருங்கள். கட்டி என்று பதறி ஓடிப்போய், டாக்டர் இடுக்கியால் கொழுத்த உண்ணியைப் பிடுங்கிக் காட்டிய கதை நம் ஊரில் நிறைய உண்டு.

சரி, கட்டிதான் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் பேச்சில் செபேஷியஸ் சிஸ்ட் என்பார்கள், அதாவது எண்ணெய்ப் பை. பெயர்தான் அப்படி, உள்ளே இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பொருள் கிடையாது, தோலிலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம். மயிர்க்காலின் வாய் அடைத்துக்கொண்டால், உள்ளே உதிரும் தோல் செல்கள் வெளியே போக வழியில்லாமல் ஒரு பைக்குள் சேர்ந்து பற்பசை மாதிரி கெட்டிப்படும். செல்களை உதிர்த்துக்கொண்டே இருப்பது அந்தப் பையின் உட்சுவர். உள்ளிருப்பதை எவ்வளவு வழித்தெடுத்தாலும், சுவர் இருக்கும்வரை அது மறுபடி நிரம்பும். "போன தடவை எல்லாத்தையும் எடுத்தாச்சே, எப்படி மறுபடி வந்துச்சு?" என்ற கேள்விக்கு விடை இந்தச் சுவர்தான்.

ஆனால் தொட்டுப் பார்த்து அது சிஸ்ட்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, அனுபவமுள்ள டாக்டரால்கூட. கொழுப்புக்கட்டி, மரு, எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி, மாஸ்ட் செல் கட்டி எல்லாமே ஆரம்பத்தில் தோலுக்கடியில் ஓர் உருண்டைதான். இதில் பயப்பட வேண்டியது மாஸ்ட் செல் கட்டிக்கு. நாய்களின் தோலில் வரும் புற்றுகளில் அதிகம் காணப்படுவது அதுதான். எந்த வேடமும் போடும். ஒரு நாள் வீங்கி, இரண்டு நாளில் சுருங்கி, "தானாகவே குறையுதே" என்று நம்மை ஏமாற்றும். அதற்குள் இருக்கும், ஒவ்வாமையைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்படும்போது வருகிற வீக்கம் அது. பக், லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பாக்சர் ஆகியவற்றுக்கு அதிகம் வரும். பாக்சர் இரண்டு பட்டியலிலும் இருப்பதைக் கவனியுங்கள். சாதாரண சிஸ்ட்டும் அதற்கு வரும், மாஸ்ட் செல் கட்டியும் வரும், ஒரே நாயின் உடம்பில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவும் செய்யும். அதனால் ஒரு கட்டியைப் பரிசோதித்துவிட்டு மற்றதையும் அதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

ஊசி டெஸ்ட் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசி போடும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசிதான், 22 அல்லது 23 கேஜ். மயக்க மருந்து தேவைப்படாது. டாக்டர் இரண்டு விரலால் கட்டியைப் பிடித்துக்கொண்டு, ஊசியை உள்ளே விட்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் அசைத்து எடுப்பார். காற்று இழுத்த சிரிஞ்சை அதில் மாட்டி, ஊசிக்குள் ஏறியதைக் கண்ணாடி ஸ்லைடில் பீய்ச்சுவார். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். கொழுப்புக்கட்டி என்றால் ஸ்லைடில் விழுந்தது பளபளவென்று எண்ணெய்ப் பசையோடு காயாமல் கிடக்கும். சிஸ்ட் என்றால் சாம்பல் நிறத்தில் துணுக்குத் துணுக்காக விழும். சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உட்கரு இல்லாத தோல் செதில்கள், சில சமயம் கொலஸ்ட்ரால் படிகங்கள் தெரியும். மாஸ்ட் செல் என்றால் ஊதா நிறத் துகள்கள் நிறைந்த வட்டமான செல்கள். நாயின் முகத்தில் வருத்தமே தெரியாது. பிஸ்கட் கொடுத்தால் வாலை ஆட்டும்.

எந்தக் கட்டிக்கு ஊசி போடுவது என்பதற்கு அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் சூ எட்டிங்கர் சொல்லும் அளவுகோல் எளிது: பட்டாணி அளவுக்கு, அதாவது 1 செ.மீ.க்கு, மேல் இருந்து, ஒரு மாதமாகப் போகாமல் இருந்தால் ஊசி வைத்துப் பார்த்துவிட வேண்டும். நான் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து கிளினிக்கில் ஸ்லைடு பார்க்க வசதியில்லை என்றால், சென்னையில் வேப்பேரி, அப்புறம் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர்களில் கேட்டுப் பார்க்கலாம். இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஊசி வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாஸ்ட் செல் கட்டியும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றும் ஸ்டீராய்டில் தற்காலிகமாகச் சுருங்கி, நோயை மறைத்துவிடும்.

விட்டுவைத்தல்

சிஸ்ட்தான் என்று உறுதியான பிறகு, ஒன்றும் செய்யாமல் விடுவது சோம்பேறித்தனம் கிடையாது. சின்னதாக இருக்கிறது, சிவக்கவில்லை, நாய் அதை நக்கவோ கடிக்கவோ இல்லை என்றால் பெரும்பாலான டாக்டர்கள் இதைத்தான் சொல்வார்கள். உடம்பு முழுக்க ஆங்காங்கே சின்னச் சின்னதாக இருக்கிற நாய்க்கு நடைமுறையில் வேறு வழியும் இல்லை.

ஆனால் விட்டுவைப்பதற்கும் மறந்துவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு தாளில் நாயின் உருவத்தை வரைந்து கட்டி இருக்கும் இடங்களைக் குறித்துத் தேதி போடுங்கள். ஒரு ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால், அடுத்த மாதம் "பெருசான மாதிரி இருக்கு" என்று குழம்ப வேண்டியதில்லை. க்ரூமிங்குக்கு அனுப்பும்போது எந்த இடத்தில் கட்டி இருக்கிறது என்பதை க்ரூமரிடம் காட்டிவிடுங்கள். கோடையில் ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டு, மெஷின் பட்டு உடைந்த பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

இந்த வழியின் பலவீனம், கட்டி உடைவது. வெளிப்பக்கம் உடைந்தால் அசிங்கம்தான், பெரிய ஆபத்து இல்லை. உள்பக்கம் உடைந்தால்தான் தொல்லை. கெரட்டின் தோலின் உட்படலத்துக்குள் கசிந்தால், உடம்பு அதை வெளியாளாகப் பார்த்துத் தாக்கும். சிவந்து, வீங்கி, தொட்டால் நாய் உறுமும் அளவுக்கு வலிக்கும். கிருமியும் சேர்ந்தால் சீழ் வைக்கும். நம் ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. திறந்த புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். அடர்ந்த முடிக்குள் உடைந்த கட்டியில் புழு நெளிவதை நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆகையால் வீட்டுக்குள் நம் காலடியிலேயே கிடக்கும் நாய்க்கு விட்டுவைப்பது நல்ல வழி. வெளியே காம்பவுண்டில் கட்டிக்கிடந்து, வாரம் ஒரு முறை தடவிக்கொடுக்கப்படும் நாய்க்கு அவ்வளவு நல்ல வழி இல்லை.

பிழிதல்

இணையத்தில் இதற்கென்றே வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. அழுத்தினால் உள்ளிருப்பது சுருள் சுருளாக வெளியே வரும், பார்ப்பவர்களுக்கு ஒரு திருப்தி. நாய்க்கு அதில் லாபம் எதுவும் இல்லை. பையின் சுவர் அப்படியே இருப்பதால் சில வாரத்திலோ மாதத்திலோ மறுபடி நிரம்பும். அழுத்தும்போது வெளியே வருவதற்குப் பதில் உள்ளுக்குள் உடைந்தால், மேலே சொன்ன வீக்கமும் வலியும் நாமே வரவழைத்ததாகிவிடும். அது மாஸ்ட் செல் கட்டியாக இருந்தால், கசக்குவதால் ஹிஸ்டமின் வெளிப்பட்டு வீக்கமும் வாந்தியும் வரக்கூடும்.

டாக்டரே ஊசியால் உறிஞ்சி எடுத்தாலும் அது தற்காலிகம்தான். சீழ் கட்டி நாய் தவிக்கும்போது கீறி வடியவிடுவது அவசரத்துக்குச் சரி. அதைச் சிகிச்சை முடிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருவுக்குச் செய்கிற மாதிரி முடியாலோ நூலாலோ கட்டுவது, சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைப்பது, இவற்றைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. சுண்ணாம்பு தோலை வேகவைக்கும். நாய் அதை நக்கினால் வாயும் வேகும். செய்யாதீர்கள்.

தானாக உடைந்துவிட்டால் என்ன செய்வது? சுற்றியுள்ள முடியைக் கவனமாகக் கத்தரித்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை ஐந்து பத்து நிமிடம் வைத்து எடுங்கள். தண்ணீர் கலந்த குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் துடையுங்கள். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதீர்கள், இரண்டுமே நாய்க்கு நஞ்சாகக்கூடியவை.

மருந்து

இந்த வழியை மக்கள் அதிகம் விரும்புகிறார்கள், காரணம் கத்தி இல்லை. ஆனால் கிருமி சேராத வெறும் சிஸ்ட்டுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. உடைந்து சீழ் வைத்ததற்குக் கொடுத்தால் சீழ் அடங்கும், பை அப்படியே இருக்கும், மறுபடி நிரம்பும். மறுபடி ஆன்டிபயாடிக். இப்படியே மூன்று நாலு சுற்று போனால் கடைசியில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிதான் மிஞ்சும். ஒரே இடத்துக்கு இரண்டாவது முறை மாத்திரை எழுதும்போதே, சீழை எடுத்துக் கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற சோதனை) பார்க்கலாமா, இல்லை கட்டியையே எடுத்துவிடலாமா என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

உடம்பெங்கும் கட்டி வரும் நாய்களுக்கு, மனிதர்களின் முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் வகை மருந்துகளைச் சில தோல் நிபுணர்கள் கொடுப்பதுண்டு. பலனும் கிடைக்கலாம். ஆனால் கண்ணீர் வற்றிப்போவது, ஈரல் என்சைம் ஏறுவது, ரத்தக் கொழுப்பு கூடுவது என்று பக்கவிளைவுகள் இருப்பதால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் மருந்து என்பதால், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அதைத் தொடவே கூடாது. கடைசிப் படியில் வைக்க வேண்டிய மருந்து என்பது என் எண்ணம். நிபுணர் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மீன் எண்ணெய் தோலுக்கு நல்லது, கொடுக்கலாம். அதனால் கட்டி கரையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அறுவை

கட்டியைப் பையோடு முழுசாக எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அது திரும்ப வராது. மற்ற எந்த வழிக்கும் இல்லாத பலம் இது. சின்னதாக இருந்தால், முரண்டு பிடிக்காத நாய்க்கு, லேசான மயக்கமும் மரத்துப்போகும் ஊசியும் போட்டே எடுத்துவிடலாம். லேசர் இருக்கும் இடங்களில் அதனாலும் எடுப்பார்கள். பெரியது என்றால் முழு மயக்கம்தான்.

நேரம் பார்த்துச் செய்வது முக்கியம். சிவந்து வீங்கி இருக்கும்போது பையின் சுவர் நைந்துபோய்க் கையோடு கிழியும். ஓரம் எது, வீக்கம் எது என்று பிரித்தறியவும் முடியாது. முதலில் மருந்தால் அடக்கிவிட்டு, ஆறிச் சின்னதான பிறகு எடுப்பதையே பல டாக்டர்கள் விரும்புவார்கள். ஆனால் வீக்கம் வற்றியதும் நமக்கு ஆபரேஷன் ஞாபகமே போய்விடுகிறது, அடுத்த முறை அது உடைந்த பிறகுதான் மறுபடி கிளினிக் வாசலுக்குப் போகிறோம். சரியான நேரம் அந்த அமைதியான இடைவெளிதான்.

வயசான நாய்க்கு மயக்க மருந்து தாங்குமா என்ற பயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தடையாவது வயது என்பதைவிட இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் நிலைமை. ரத்தப் பரிசோதனை செய்யாமல் மேஜையில் ஏற்றச் சம்மதிக்காதீர்கள். நம் பக்கத்து நாய்களுக்கு ப்ளேட்லெட் எண்ணிக்கையைக் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருந்தால் ப்ளேட்லெட் இறங்கியிருக்கும், வெட்டும்போது ரத்தம் நிற்காது. வெளியே பார்த்தால் நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பக், ஷிட்சு மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கத்தின்போதும் தெளியும்போதும் மூச்சுக் கவனிப்பு கூடுதலாக வேண்டும். பல் சுத்தம் செய்ய எப்படியும் மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால், அதே நாளில் தொல்லை தரும் இரண்டு மூன்று கட்டிகளையும் எடுக்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள். செலவும் ஆபத்தும் ஒரே தடவையோடு போகும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டித் தள்ளும் ஆசை வேண்டாம். கட்டி வருகிற தன்மை அந்த நாயின் தோலிலேயே இருக்கிறது. எடுத்த இடத்தில் வராது, எடுக்காத இடத்தில் வரும். "ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லை" என்று புலம்புபவர்களைக் கேட்டால், பாதிப் பேர் சொல்வது வேறு இடத்தில் வந்த புதுக் கட்டியைப் பற்றியதாக இருக்கும். பல கட்டிகள் இருக்கிற நாய்க்கு, அடிக்கடி உடைவது, கழுத்துப்பட்டையோ ஹார்னஸோ உரசும் இடத்தில் இருப்பது, வேகமாக வளர்வது, இவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். இமையில் வருவதைப் பெரிதாக விடாதீர்கள். கண்ணின் கருவிழியில் உரசிப் புண்ணாக்கும். முழங்கையில் வருவதற்கு நான் கத்தியைக் கடைசியில்தான் வைப்பேன். சிமென்ட் தரையிலும் மொசைக்கிலும் படுத்துப் படுத்து, அழுத்தம் பட்டு வருவது அது. அந்த இடத்தில் போட்ட தையல் அதே அழுத்தத்தில் பிரிந்துவிடும். முதலில் கெட்டியான மெத்தையோ மடித்த சாக்கோ போட்டுப் பழக்குங்கள். காயடிக்காத ஆண் நாய்க்கு ஆசனவாயைச் சுற்றி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆண் ஹார்மோனால் வளர்பவை. அங்கே கட்டியைவிடக் காயடிப்பதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

விரலிடுக்கில் வருவது

பாதத்தில் விரல்களுக்கு நடுவே சிவப்பாக, பளபளவென்று ஒரு கொப்புளம். நொண்டும், நக்கும், உடையும், ஆறும், மறுபடி வரும். இதையும் சிஸ்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் உள்ளே பை எதுவும் கிடையாது. மயிர்க்கால் தோலுக்கடியில் வெடித்து, அதிலிருந்த கெரட்டினும் உடைந்த முடியும் சேர்ந்து கிளப்பிவிட்ட வீக்கம் அது. லேப்ரடார், புல்டாக் போன்ற குட்டையான விறைப்பு முடி நாய்களுக்கு அதிகம். உடல் எடை கூடினால் பாதம் விரிந்து, திண்டு இல்லாத இடமும் தரையில் பதியும்; குட்டை முடி உள்நோக்கிக் குத்தும்.

இங்கே வெட்டி எடுப்பது முதல் வழியாக இருக்கவே கூடாது. காரணம் இருக்கும்வரை பக்கத்து இடுக்கில் வரும். என்ன காரணம் என்று தேடுவதுதான் சிகிச்சை. தோலைச் சுரண்டி டெமோடெக்ஸ் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இருந்தால் அஃபாக்சோலானர், ஃப்ளூரலானர் வகை மாத்திரைகள் நன்றாகவே கேட்கும். நாலு காலையும் நக்கிக்கொண்டே இருக்கும் நாய் என்றால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். கோழியை நிறுத்திப் பார் என்று யாராவது சொல்வார்கள். ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பலன் இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. உணவு ஒவ்வாமையா என்று பார்க்க, டாக்டர் சொல்லும் உணவைத் தவிர பிஸ்கட் துண்டுகூட இல்லாமல் எட்டு வாரமாவது போக வேண்டும். ஒரே ஒரு இடுக்கில் மட்டும் வருகிறது என்றால் முள்ளோ, புல் விதையோ உள்ளே ஏறியிருக்கலாம்.

சீழுக்கு ஆன்டிபயாடிக்கும் இங்கே வாரக்கணக்கில் போகும். கிருமி ஆழத்தில் இருப்பதால் மேல்தோல் ஆறியதும் நிறுத்தினால் திரும்பும். எடையைக் குறைப்பது, நடந்து வந்ததும் பாதத்தைக் கழுவி இடுக்கு வரை ஈரம் போகத் துடைப்பது, ஜல்லி கிடக்கும் தெருவைத் தவிர்த்து மண் தரையில் நடத்துவது, இவையெல்லாம் மாத்திரைக்குச் சமமான வேலை செய்யும். இத்தனையும் செய்து பல மாதமாகியும் அடங்காத நாய்களுக்கு லேசரால் அந்தத் திசுவைச் சுட்டு எடுக்கும் சிகிச்சை இருக்கிறது. விரல்களைச் சேர்த்துத் தைக்கும் பெரிய அறுவை அதற்கும் அப்புறம்.

எடுத்த பிறகு

உடம்பிலிருந்து எடுத்த கட்டி எதுவானாலும், அதைத் தட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். 10 சதவீத ஃபார்மலினில் போட்டு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊசி டெஸ்ட்டில் சிஸ்ட் என்று வந்திருந்தாலும் இது தேவை. ஊசி பார்ப்பது ஒரு துளியை, ஆய்வு பார்ப்பது முழுக் கட்டியையும் அதன் ஓரங்களையும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை. டாக்டரிடம் "பை கிழியாம முழுசா வந்துச்சா டாக்டர்?" என்றும் கேட்டுவிடுங்கள். கிழிந்திருந்தால் அதே இடத்தில் திரும்பலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை கூம்பைக் கழற்றாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். பாவமாக இருக்கிறதே என்று சாப்பாட்டு நேரத்தில் கழற்றிவிட்டு மறந்தால், அந்தச் சில நிமிடங்களில் தையலை இழுத்துவிடும்.

தையல் பிரிப்பதற்குள் பெரும்பாலும் ரிப்போர்ட் வந்துவிடும். சிஸ்ட், முழுதாக நீக்கப்பட்டது என்று இருந்தால் வரைபடத்தில் அந்தப் புள்ளியை அடித்துவிடலாம். மாஸ்ட் செல், ஓரத்தில் செல்கள் மிச்சம் என்று இருந்தால் காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். இன்னும் அகலமாக வெட்ட வேண்டுமா, நிணநீர் முடிச்சைப் பார்க்க வேண்டுமா என்பதை அந்த வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.